சேற்றுக்குள் ஒரு மலை பூட்ஸ்!

போன் அலறியது.

வெனிஸ் போலீஸின் இன்ஸ்பெக்டர் லொதொவிகா, காபியில் நனைத்த பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம்.

பிஸ்கட் கோப்பைக்குள் விழுந்தது.

"சொல்லித் தொலை!"

"மேடம், ஸோர்ஸி பேசறேன்!" போலீஸ் படகோட்டி ஸோர்ஸியின் குரல் நடுங்கியது. "சான் வெரானோ தீவுக்குப் பக்கத்துல ஒரு பொணம்..."

"மிதக்குதா?"

"இல்ல மேடம்... சேத்துக்குள்ளேருந்து எட்டிப் பார்க்குது!"

ஜனவரி மாதம். வெனிஸைச் சுற்றியுள்ள காயல் வற்றும் மாதம். மற்ற நாட்களில் தண்ணீர் மூடி மறைத்ததையெல்லாம் இந்த மாதம் வெட்கமில்லாமல் திறந்து காட்டிவிடும்.

மூடுபனிக்குள் படகு போய் நின்றது. சிப்பி பொறுக்க வந்த கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தள்ளி நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இடுப்பு உயர ரப்பர் பூட்ஸுடன் லொதொவிகா இறங்கினாள்.

கறுப்பு அங்கி. துறவியின் அங்கி!

உடம்பைச் சேறு பத்திரமாக வைத்திருந்தது. முகத்தைத்தான் நண்டுகள் விட்டுவைக்கவில்லை.

"ரெண்டு வருஷமாவது இருக்கும் மேடம்," என்றான் ஸோர்ஸி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே.

இடுப்பில் கயிறு. கயிற்றின் முனையில் உடைந்த பளிங்குத் தூணின் தலைப்பகுதி. அதில் செதுக்கிய இலைக் கொத்து.

சேற்றுக்கு வெளியே ஒரு கால்.

அந்தக் காலைப் பார்த்ததும் லொதொவிகாவின் புருவம் சுருங்கியது.

"ஸோர்ஸி... இது என்ன பூட்ஸ்டா?"

"மலையேறுற பூட்ஸ் மாதிரி இருக்கு மேடம். அடியில ஆணி எல்லாம் அடிச்சிருக்கு."

"காயல்ல மலை ஏதுடா?"

ஸோர்ஸி பதில் சொல்வதற்குள்...

டாங்ங்...!

மூடுபனிக்குள்ளிருந்து மணி ஒலித்தது. சான் வெரானோ மடாலயத்தின் மணி.

"யார் அடிக்கிறது?"

"ஃபாதர் அன்செல்மோ மேடம். அந்தத் தீவுல மிச்சம் இருக்கிற ஒரே துறவி."

லொதொவிகா சேற்றில் கிடந்த அங்கியைப் பார்த்தாள். அப்புறம் மணிக்கூண்டு இருந்த திசையைப் பார்த்தாள்.



"படகை அங்க விடு!"

* * *

"பொணமா? எங்க தீவுலயா? சான்ஸே இல்லை!"

கொர்ராதோ பெரேகோ படித்துறையிலேயே வழி மறித்தார். சான் வெரானோ கலாச்சார அறக்கட்டளையின் டைரக்டர். மிலான் நகரத்துக்காரர். தண்ணீர் சூழ்ந்த ஊரில் இருபது வருடம் குப்பை கொட்டியும் பளபளக்கும் தோல் ஷூவை மட்டும் விடவில்லை.

"தீவுல இல்லை, பக்கத்துல," என்றாள் லொதொவிகா. "உள்ள வரலாமா?"

உள்ளே நான்கு பக்கமும் பளிங்குத் தூண்கள். ராணுவம் குதிரை கட்டி நாசம் பண்ணிய கட்டடம் இது என்று சொன்னால் நம்ப முடியாது. மேலே நூலகம். உலகம் முழுக்க உள்ள அறிஞர்கள் பழைய இசைச் சுவடி பார்க்க வரும் இடம்.

"கல்லு கல்லா எடுத்து வச்சேன் இன்ஸ்பெக்டர்! கூரையில மரம் முளைச்சிருந்தது. என் கல்யாணமே இதனாலதான் முறிஞ்சுது!"

சொல்லும்போது அவர் கண் நிஜமாகவே கலங்கியது.

லொதொவிகா ஒரு தூணைத் தடவினாள். உச்சியில் இலைக் கொத்து. அதே இலைக் கொத்து!

"உடைஞ்ச பழைய தூண் தலையையெல்லாம் என்ன பண்ணீங்க சார்?"

"பின்னாடி... குவிச்சு வச்சிருக்கோம். ஏன்?"

"சும்மாதான். இந்தத் தீவு உங்களுக்கே சொந்தமா?"

"எங்க? குத்தகைதான். துறவி ஒருத்தராவது இங்க குடியிருக்கிற வரைக்கும்தான் அறக்கட்டளைக்கு இடம். கடைசி ஆள் செத்தாலோ, கிளம்பிப் போனாலோ தீவு அரசாங்கத்துக்கு. அவங்க ஹோட்டல்காரனுக்குக் குடுத்துடுவாங்க. என் நூலகம் மதுக்கூடம் ஆயிடும்! அதனாலதான் சொல்றேன், ஃபாதர் அன்செல்மோவை நான் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தறேன்."

"நான் அவரைப் பார்க்கணும்."

"அவர் மௌன விரதம். ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசறதில்லை."

ரெண்டு வருஷம்!

லொதொவிகா திரும்பினாள். தூணின் நிழலிலிருந்து ஓர் உருவம் விலகி வந்தது. தலையை மூடிய கறுப்பு அங்கி. நரைத்த தாடி. காலடிச் சத்தமே இல்லை.

எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார்?

"வணக்கம் ஃபாதர்," என்றாள். "சேத்துல ஒரு துறவியோட உடம்பு கிடைச்சிருக்கு. உங்க சபை ஆளான்னு நீங்கதான் அடையாளம் காட்டணும். பேச வேண்டாம்... தலையாட்டினா போதும்."

துறவி டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"முடியாது இன்ஸ்பெக்டர்! அவர் மலைக்காரர். படகுன்னாலே நடுங்குவார். வந்த நாள்லேருந்து தீவை விட்டு இறங்கினதே இல்லை. ஊரே சிரிக்கும் அவரைப் பார்த்து!"

"மலைக்காரரா?" லொதொவிகாவின் குரல் மென்மையானது. அது ஆபத்தான மென்மை. ஸோர்ஸிக்குத் தெரியும். "அப்படின்னா அவர்கிட்ட மலையேறுற பூட்ஸ் இருக்குமே சார்?"

மேலே எங்கேயோ ஒரு ஜன்னல் அடித்துக்கொண்டது.

"இ... இருந்திருக்கலாம்."

"காட்டச் சொல்லுங்க."

"தூக்கிப் போட்டிருப்பார்!"

"எங்கே? தண்ணியிலயா?"

டைரக்டர் பேச்சை மாற்றினார்.

"ஃபாதர் வருவார். ஆனா நானும் கூட வருவேன்!"

* * *

படகு மூடுபனியைக் கிழித்துக்கொண்டு பிணம் கிடந்த இடத்தை நோக்கி நகர்ந்தது.

ஏறும்போது துறவி நன்றாகவே நடுங்கினார். கம்பியைப் பிடித்தார், டைரக்டரின் தோளைப் பிடித்தார், சிலுவை போட்டுக்கொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

கால்வாயின் ஓரத்தைக் காட்டும் மரக் கம்பங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து போயின.



லொதொவிகா துறவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாத பிணம் ஒன்று... பேசாத துறவி ஒருவர். நிரூபிக்கக் கையில் ஒரு துரும்பும் இல்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டால்?

பாம்ம்ம்...!

பனிக்குள்ளிருந்து ஒரு பெரிய பயணிகள் படகு மலை மாதிரி முளைத்தது!

"பிடிச்சுக்கோங்க!" ஸோர்ஸி கத்திக்கொண்டே படகை ஓரக் கம்பத்தை ஒட்டித் திருப்பினான்.

அலை மோதியது. படகு ஒருக்களித்தது. டைரக்டர் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டார். லொதொவிகாவே இருக்கையோடு ஒட்டிக்கொண்டாள்.

துறவி மட்டும்...

எழுந்து நின்றார்!

கால்களை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, கைகளை அங்கிக்குள் விட்டபடியே, படகு சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இடுப்பை ஒடித்து... எதையும் பிடிக்காமல்! படகு நின்றது. அவர் கொட்டாவி விட்டார்.

விட்ட பிறகுதான் நடுங்க வேண்டியது ஞாபகம் வந்தது போல. வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

ஸோர்ஸி சிரித்தே விட்டான்.

"மேடம்... இது மலைக்காரன் கால் இல்லை. நம்ம காயல்லயே பொறந்து, படகுலயே நடக்கப் பழகின கால்!"

லொதொவிகா எழுந்தாள்.

"மலைக்காரர் ரெண்டு வருஷமா சேத்துல கிடக்கார், சரிதானே? அப்போ நீ யாருப்பா?"

தாடிக்காரன் வாயைத் திறந்தான்.

டைரக்டர் முந்திக்கொண்டார். ஒரே பாய்ச்சல்! தோளால் ஓர் இடி!

தொப்பென்று கறுப்பு அங்கி தண்ணீருக்குள் மறைந்தது.

"ஐயோ! தவறி விழுந்துட்டார்!" டைரக்டர் அலறினார். "நீச்சல் தெரியாது அவருக்கு! அங்கி வேற இழுக்கும்! முழுகிட்டார்... போச்சு!"

லொதொவிகா அசையவில்லை. ஸோர்ஸியும் அசையவில்லை.

"ஏன் சும்மா நிக்கறீங்க? என்ன போலீஸ் நீங்க?"

குமிழிகள் வந்தன. பிறகு குமிழிகளும் நின்றன. மூடுபனியில் தூரத்து ஊர் மணி ஒன்று கேட்டு அடங்கியது.

லொதொவிகா எண்ணிக்கொள்வது போல நகத்தைப் பார்த்தாள்.

தண்ணீர் பிளந்தது!

மௌனத் துறவி எழுந்து நின்றார். ஆமாம்... நின்றார்! தண்ணீர் இடுப்பு வரைதான்!

தாடியிலிருந்து சேறு வழிந்தது. இரண்டு வருட மௌனம் கலைந்தது.

"அடப் பாவி! கொலைகாரப் பயலே! நாசமாப் போறவனே!" சுத்தமான காயல் பாஷை. "என்னையுமாடா?"

"பேர் என்ன?" என்றாள் லொதொவிகா.

"பெர்தோங்க மேடம். தீவுல படகு வேலை பார்த்தேன். நான் கண்ணால பார்த்தேன் மேடம்! கிழவர் ஊருக்குப் போறேன்னு பூட்ஸை மாட்டிக்கிட்டு வந்தார். தண்ணியைப் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப்போச்சு, மலையில போய்ச் சாகறேன்னார். இந்த ஆளு போகாதீங்கன்னு கெஞ்சினார். அப்புறம் படிக்கட்டுலேருந்து பிடிச்சுத் தள்ளிட்டார்! விழுந்து செத்தவரை, இடுப்புல கல்லைக் கட்டிக் காயல்ல போட்டார். நீ அங்கியைப் போட்டு மணி மட்டும் அடி, வாயைத் திறந்தா உன்னை உள்ள தள்ளிடுவேன்னார். சோறும் ஒயினும் கிடைச்சுது... கிடந்துட்டேன்."

டைரக்டர் இருக்கையில் சரிந்தார். பளபளக்கும் ஷூ, படகுக்குள் அலை வீசியிருந்த சேற்று நீரில் நனைந்தது.

"இருபது வருஷம்..." முனகினார். "ஒரு கிழவருக்கு ஊர் ஞாபகம் வந்ததுக்காக, அத்தனை புத்தகத்தையும் ஹோட்டல்காரனுக்குக் குடுக்கணுமா?"

"அதுக்காக, யார் இருந்தாத்தான் தீவு உங்களுக்குன்னு இருந்துச்சோ அவரையே கொன்னீங்களா சார்?" விலங்கை மாட்டினாள் லொதொவிகா. கோபத்தைவிட வருத்தம்தான் அவளுக்கு அதிகம். நல்ல நூலகம் அது. அந்தக் கிழவரோ மலை அடிவாரம்கூடப் போய்ச் சேரவில்லை. "இன்னிக்கு மணியடிக்கவும் ஆளில்லை."

டைரக்டர் தண்ணீரையே வெறித்தார்.

"ஆழம்... இங்க ஆழம் இல்லையா?"

"அன்னிக்குப் பொணத்தைப் போட்டப்பவும் சரி, இப்பவும் சரி, ரெண்டு தடவையும் அதே தப்பு," என்றான் ஸோர்ஸி. "அந்தக் கம்பத்துக்கு இந்தப் பக்கம்தான் சார் ஆழம். அந்தப் பக்கம் தள்ளிட்டீங்க. அங்க ஒரு மனுஷன் முழுகிச் சாகணும்னா முட்டி போடணும்!"

பெர்தோ வாயிலிருந்த சேற்றைத் துப்பினான்.

"அங்கதாங்க நான் தப்பிச்சேன்! ரெண்டு வருஷம் சாமியாரா இருந்தும் ஒரு நாள்கூட முட்டி போட்டுப் பழகல!"