நாற்பத்தொரு கோடிக்குப் பாதி டீ

திருப்பூர் தருண் ஒரு டீக்கு நாற்பத்தொரு கோடியே முந்நூறு ரூபாய் கொடுத்தார். அதிலும் அவர் குடித்தது பாதி டீதான். மீதிப் பாதியை ஆறவிட்டுவிட்டு, 'இதைவிடச் சல்லிசாக ஒரு டீ இந்த நூற்றாண்டில் யாருக்கும் கிடைக்காது' என்று நிதி மீட்புப் படிவத்தில் தன் கைப்பட எழுதியும் கொடுத்தார்.

யாரும் நம்பவில்லை. படிவத்தை வாங்கிய கணினி நம்பவில்லை. அதற்கு மேலதிகாரியாக இருந்த கணினி பதினோரு நாள் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுச் சூடேறி நின்றுபோயிற்று. கடைசியில் நேரில் ஒரு மனிதரை அனுப்பவேண்டியதாகிவிட்டது. 2092-ல் மனிதரை அனுப்புவதென்பது யானையை அனுப்புவது மாதிரி. பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்த இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வந்தவர் பெயர் செங்கதிர், வயது ஐம்பத்தெட்டு. நெடுநாள் பரஸ்பர நிதியின் மண்டல மீட்பு அலுவலர். மீட்பு என்றால், போட்ட முதலீட்டை எடுத்துக் கையில் கொடுப்பது. முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் எடுக்கவென்று ஒரு ஆத்மாகூட வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சீவி வைத்த பென்சில் இன்னும் அதே கூர்மையோடு சட்டைப்பையில் இருந்தது. மகன் வெள்ளத்தில் சிக்கியவர்களைப் படகில் ஏற்றும் வேலை பார்க்கிறான் என்றே அவருடைய அம்மா கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தார். அவரும் திருத்தவில்லை.

ஏன் யாரும் எடுக்கவில்லை என்றால், எல்லாம் மூப்பாடி என்ற கண்ணாடியின் வேலை.

வீட்டுக்கு ஒன்று கட்டாயம் இருந்தது. அதன் முன்னால் நின்றால் உங்கள் முகம் தெரியாது. எண்பது வயதில் நீங்கள் எந்த ஆளாக இருப்பீர்களோ அந்த ஆள் தெரிவார். உங்கள் ரத்தம், நடை, சம்பளம், சாப்பாடு, பேச்சு எல்லாவற்றையும் அன்றாடம் அள்ளிக்கொண்டு போய், அந்தக் கிழவரை மயிரிழை பிசகாமல் கணக்கிட்டு நிறுத்தியது அந்தக் கண்ணாடி. மூட்டு வலி எந்த முழங்காலில் என்பது வரை அதற்குத் தெரியும். எண்பதில் எது நினைவில் தங்கியிருக்கும், எது உதிர்ந்திருக்கும் என்பதும் தெரியும். ஊரே தத்தம் கிழவரைப் 'பெரியவர்' என்று பயபக்தியோடு அழைத்தது. பெரியவர்கள் எல்லாரையும் 'டேய்' என்றார்கள்.

மாதம் பிறந்தால் பெரியவர் ஆரம்பிப்பார்: "டேய், தவணை போட்டுட்டயா?"

தன் முகத்தோடு தன் முன்னால் நிற்கும் கிழவரிடம் இல்லை என்று யாரால் சொல்லமுடியும்? போட்டார்கள். இருபத்திரண்டு வயதில் ஆரம்பித்து, நடுவில் கைவைக்காமல், சந்தை விழுந்தாலும் அசையாமல், பெருகியதையே மேலும் பெருகவிட்டு எண்பது வரை போட்டார்கள். தருண் குடியிருந்த அவிநாசி சாலை அடுக்ககத்தில் இருபத்திரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு நாலாயிரத்து நூறு கோடி. நிதி இத்தனை பணத்தையும் எங்கே போட்டது என்று கேட்டால், மூப்பாடி செய்யும் கம்பெனியில். கம்பெனிக்கு லாபம் எங்கிருந்து வந்தது என்றால், நிதியிலிருந்து. பரஸ்பரம் என்றால் அதுதானே.

நடுவில் யாருக்காவது செலவு ஆசை வந்தால் பெரியவர் கோபப்படமாட்டார்.

"பெரியவரே, ஊட்டிக்கு ஒரு தடவ போய்ட்டு வரட்டுங்களா?"

பெரியவர் கண்ணை மூடி யோசிப்பார். "ஊட்டியா? எனக்கு அப்படியொண்ணு ஞாபகமே இல்லையேடா."

அவ்வளவுதான். நினைவிலேயே நிற்காத ஒன்றுக்கு எவன் காசைக் கரைப்பான்? சினிமாக் கொட்டகைகள் இப்படித்தான் மூடின. கல்யாணங்கள் இப்படித்தான் நின்றன. திருப்பூரில் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேக்கரிகள் மூடப்பட்டன. பல்லடம் சாலையில் ஒன்று மிஞ்சியது. அதை மூடுவதற்கு ஆள் இல்லை.

தருண் என்றால் இளைஞன் என்று பொருள். அவருக்கு எண்பது நிறைந்த காலையில், வேட்டியைச் சரிசெய்துகொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றார். 'டேய்' வரவில்லை. இவர் கையைத் தூக்கினார், அவரும் தூக்கினார். இவர் வாயைத் திறந்தார், அவரும் திறந்தார். மூப்பாடி வெறும் கண்ணாடியாகிவிட்டிருந்தது.

ஐம்பத்தெட்டு வருடமாக அவரை 'டேய்' என்று கூப்பிட உலகத்தில் இருந்த ஒரே ஆள் அந்தப் பெரியவர்தான். ஒன்பது நாள் காலையும் மாலையும் தருண் அங்கே நின்று, "பெரியவரே, சாப்பிட்டுட்டீங்களா?" என்று கேட்டார். கண்ணாடியில் இருந்த வாயும் கூடவே அசைந்தது. இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டால் பதில் யார் சொல்வது?

பத்தாம் நாள், எண்பதைத் தொட்டவர்கள் அத்தனை பேரும் செய்வதை அவரும் செய்தார். சேமிப்பின் இலக்கை எண்பதிலிருந்து நூறு வயதுக்கு நீட்டினார். உடனே கண்ணாடி கலங்கி, தோல் சுருங்கிய நூறு வயதுக்காரர் வந்து, "டேய்" என்றார். தருண் கண்ணாடியை ஒட்டிப் போய் நின்றார்.

"பெரியவரே, எம்பது வயசுல நான் எப்படி இருந்தேனுங்க?"

நூறு வயதுக்காரர் நெடுநேரம் யோசித்தார். "ஒண்ணும் ஞாபகம் இல்லையேடா. அதுக்கு முன்னாடியும் ஒண்ணும் இல்ல. தவணை போட்டது இருக்குது."

தருண் அன்று காலையே கணக்கை மூடிவிட்டார். நீட்டிய இலக்கை முறித்ததற்கு வெளியேற்றக் கட்டணம் நூற்றுக்கு ஒன்று, அதாவது நாற்பத்தொரு கோடி. அந்தப் பணத்தில் செய்த முதல் செலவு, முந்நூறு ரூபாய் டீ.

ஆனால் நிதியின் விதி கடுமையானது. முதல் செலவு உண்மையாகவே நடந்தது என்று பன்னிரண்டு நாளுக்குள் மீட்பு அலுவலர் சான்று தரவேண்டும். அலுவலருடைய பெரியவரும் அதை ஒப்புக்கொள்ளவேண்டும், நெடுநாள் பார்வை வேண்டுமல்லவா. இல்லையென்றால் மூடியது செல்லாது. இலக்கு தானாக நூறுக்குப் போய்விடும், அப்புறம் யாராலும் அதை முறிக்கமுடியாது. இன்று பன்னிரண்டாம் நாள். ஐந்து மணி வரை அவகாசம்.

செங்கதிர் பேக்கரிக்குள் நுழைந்தபோது மணி நாலரை. கண்ணாடி அலமாரிகள் காலியாக இருந்தன. தருணுக்கு முன்னால் இரண்டு டம்ளர்கள். ஒன்று காலி. மற்றதில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"வாங்க தம்பி, உக்காருங்க."

செங்கதிர் உட்காரவில்லை. "ஏனுங்க ஐயா, பில்லுல டீ அரைன்னு இருக்குதுங்க. அரை டீ எங்கேயும் விக்கறதில்லீங்களே."

"அரை இல்லீங்க தம்பி. ஒன் பை டூ."

"ஒண்ண ரெண்டால வகுத்தா அரைதானுங்க."

"வகுக்கறதில்லீங்க. ரெண்டு பேரு ஒரு டீ வாங்கி, ரெண்டு டம்ளர்ல ஊத்திக் குடிக்கறது."

"காசு பத்தாமங்களா?"

"காசு இருந்தாலுந்தான். முழு டீ குடிச்சா எந்திரிச்சுப் போயிருவாங்க. பாதி டீன்னா பேச்சு நீளும். எங்கப்பாரு பாதி டீய வெச்சுட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்பாரு."

செங்கதிர் இதைக் குறித்துக்கொள்ளலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டார். "சரிங்க. ரெண்டாவது ஆளு யாருங்க?"

தருண் ஆறிய டம்ளரை மெல்லத் திருப்பினார். "அதுதானுங்க வரல. பதினோரு நாளா எங்க அடுக்ககத்துல எல்லா வீட்டுக் கதவையும் தட்டிட்டேன். 'இருங்க, பெரியவரக் கேட்டுட்டு வரேன்'னு உள்ள போவாங்க. கதவுக்குப் பின்னாடி இருந்தே, 'அவருக்கு ஞாபகம் இல்லையாமுங்க'ன்னு சொல்லுவாங்க. நானும் தெனம் ஒரு ஒன் பை டூ வாங்கி, எம்பாதியக் குடிச்சுட்டுப் போறேன்."

"அப்ப இது ஒன் பை டூவே இல்லீங்க ஐயா. ஒரு ஆளு அரை டீ குடிச்சிருக்கறீங்க. பில்லு தப்பு. ரெண்டாவது ஆளு வந்து குடிக்காத வரைக்கும் நான் நடக்கலன்னுதான் எழுதோணும்."

தருண் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குள் சான்று கிடைக்காவிட்டால், வீட்டில் அந்தக் கண்ணாடி முன்னால் அவருக்கு இன்னும் இருபது வருடம் இருந்தது.

செங்கதிர் விதிப்படி கைமூப்பாடியை எடுத்து விரித்தார். அதில் அவருடைய பெரியவர் பளிங்குக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு விலை உயர்ந்த நாற்காலி. அதன்மேல் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. இத்தனை வருடமாகப் பார்த்துவந்த அந்த உறை, இன்றுதான் செங்கதிரின் கண்ணில் பட்டது.

"டேய், எனக்கு இந்தக் கடையே ஞாபகம் இல்ல," என்றார் பெரியவர். "இந்தக் கெழவனுக்கு மூளை கலங்கிப்போச்சு. இல்லைன்னு எழுதிட்டுக் கெளம்பு. நாலே முக்காலுக்கு பஸ்ஸு."

"உங்க பெரியவருங்களா?" தருண் எட்டிப்பார்த்தார். "நல்லா இருக்கறாரு. வணக்கமுங்க."

"இவனெவன்டா நடுவுல?"

தருண் சிரித்தார். பழக்கம் விட்டுப்போன சிரிப்பு, பாதியில் இருமலாகிவிட்டது. பிறகு செங்கதிரைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, ஒண்ணு கேக்கறேன். குடிக்கவே இல்லீன்னா எப்படிங்க ஞாபகம் இருக்கும்?"

செங்கதிரின் முப்பத்தொரு வருட விதிப் புத்தகத்தில் இதற்குப் பக்கம் இல்லை. வெளியே ஒரு பஸ் வந்து நின்று, யாரையும் ஏற்றாமல் போயிற்று. அது நாலே முக்கால் பஸ்தான்.

செங்கதிர் நாற்காலியை இழுத்தார். "ஆய்வுக்காகத்தானுங்க."

"ஆய்வுதானுங்க," என்றார் தருண், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

தேநீர்ப் பொறி, என்றோ போய்ச்சேர்ந்த முதலாளியின் குரலில் கேட்டது: "ஏனுங்க, முழுசுங்களா, ஒன் பை டூங்களா?"

"ஒன் பை டூ," என்றார் செங்கதிர். வாழ்க்கையில் முதல்முறை.

பொறி ஊற்றியது. பழைய பொறி, கை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. செங்கதிர் இரண்டு டம்ளரையும் பார்த்தார். "ஐயா, உங்களுதுல ஒரு விரக்கட ஜாஸ்தியா இருக்குதுங்க."

"டம்ளரு சாஞ்சு தெரியுது தம்பி."

"இல்லீங்க. அளந்துருவோம்." முப்பத்தொரு வருடப் பென்சிலை எடுத்து, இரண்டு டம்ளருக்கும் பக்கத்தில் நிறுத்தி நகத்தால் குறி வைத்தார். விரற்கடையேதான். தருண் கொஞ்சம் ஊற்றினார். இப்போது செங்கதிருடையது கூடிவிட்டது. இவர் திருப்பி ஊற்றினார். படிவத்தில் சிந்தியது. மூன்றாம் தடவை தருண் டம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டு, "எச்சி பண்ணிட்டேன், இனி தரமாட்டேன்," என்றார்.

"இது அநியாயமுங்க."

"நாப்பத்தொரு கோடி குடுத்தவனுக்கு ஒரு விரக்கட கூட வேண்டாமாக்கும்?"

செங்கதிர் குடித்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அம்மா, வெள்ளம், படகு, மகன் கைபிடித்து ஏற்றும் ஆட்கள். முப்பத்தொரு வருடமாக அந்தப் படகில் ஒருவரும் ஏறவில்லை என்பதையும்.

தருண் டம்ளரின் அடியில் கிடந்ததை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "அப்ப இன்னைக்குத்தானுங்க மொத ஆளு ஏறுது."

மணி நாலு ஐம்பத்தைந்து. படிவத்தின் டீக்கறைக்குப் பக்கத்தில், 'செலவு உண்மையாகவே நடந்ததா?' என்ற வரிக்கு எதிரே, செங்கதிர் பென்சிலால் 'ஆம்' என்று எழுதினார். கூர் முதல்முறையாக மழுங்கியது. பிறகு கைமூப்பாடியை நிமிர்த்திப் பிடித்தார். பெரியவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த 'ஆம்' செல்லாது.

"பெரியவரே, பல்லடம் ரோட்டுல ஒரு டீ. நடந்துச்சுங்களா?"

"நான்தான் சொன்னேனேடா. எனக்கு அப்படி ஒண்ணும்..."

கிழவர் நிறுத்தினார். கண்ணாடி ஒருமுறை கலங்கித் தெளிந்தது. பளிங்குக் கூடம் அப்படியே இருந்தது, நாற்காலியின் உறையும் இருந்தது. கிழவருடைய கை மட்டும் மடியிலிருந்து எழும்பி, எதையோ பிடிப்பதுபோல அந்தரத்தில் வளைந்து நின்றது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"சக்கர தூக்கலா இருந்துச்சு," என்றார் பெரியவர் மெதுவாக. "அவுருக்குத்தான் ஒரு விரக்கட ஜாஸ்தி. குடுக்கவே மாட்டேன்னுட்டாரு." உறை பிரிக்காத நாற்காலியை அவர் திரும்பிப் பார்த்தார். "நடந்துச்சுடா. அது ஒண்ணுதான் எனக்கு ஞாபகம் இருக்குது."