மேற்குப் பக்கத் திரை

கடலோரச் சாலையில் ஒன்பதாவது கலங்கரை விளக்கத்தைப் பார்க்கத் துப்பறிவாளர் மச்சானோடு கிளம்பும் நேரத்தில், நேற்றுப் பார்த்த எட்டாவது விளக்கத்தின் காவலர், அவர்கள் தங்கியிருந்த விடுதியின் வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் கரி.

"சார், நீங்க துப்பறியறவர்னு உங்க மச்சான் நேத்து சொன்னாரு. நீங்கதான் என்னைக் காப்பாத்தணும். இருபத்திரண்டு வருஷ வேலை போகப்போகுது. வேலை போனா குடியிருக்கிற குவார்ட்டர்ஸும் போச்சு."

மச்சான் என்பது துப்பறிவாளருடைய மனைவியின் தம்பி. அத்தான் பெருமையை ஊரெல்லாம் பாடுவான். வாய்க்குப் பூட்டு கிடையாது. அந்த நிமிடம் வரை, "பாருங்க அத்தான், நேத்து மேலே எடுத்த படம், விளக்கோட லென்ஸும் பின்னாடி கடலும்! கண்ணைப் பறிக்குது!" என்று போனை அவர் மூக்கருகே நீட்டிக்கொண்டிருந்தான்.

நேற்று மாலை நான்கு மணிக்கு விளக்கறையில் தீ. லென்ஸுக்குள் பல்பைத் தாங்கும் மேடையில் ஒயர்கள் கருகிவிட்டன. ராத்திரி முழுக்க விளக்கு எரியவில்லை. உள்ளே உட்கார்ந்து துடைக்கும்போது காவலர் சிகரெட் பிடித்தார் என்கிறார் மேலதிகாரி.

"ஆளைப் புடிச்சா விடக்கூடாது அத்தான்!" என்றான் மச்சான், காரில் ஏறியபடியே.

நேற்று முழங்கால் வலியால் கீழேயே இருந்துவிட்ட துப்பறிவாளர், இன்று நின்று நின்று படியேறினார். மேலே கண்ணாடிச் சுவர், சுற்றிலும் தடித்த திரைகள், நடுவில் ஆளுயர லென்ஸ். மேலதிகாரி கைகட்டி நின்றார். மேடையின் பக்கவாட்டில் கீழிருந்து மேலாக, விரல் நீளத்துக்கு மெல்லிய கருகல் கோடு.

"சிகரெட் வச்சா பொட்டுதான் விழும். இது ஊர்ந்து போயிருக்கு," என்றார் துப்பறிவாளர். "பகல்ல திரைகளை என்ன செய்வீங்க?"

"விடிஞ்சதும் மூடிடுவேன் சார். வெயில் லென்ஸ்ல பட்டா உள்ளே நெருப்பு பத்திக்கும். நேத்தும் மூடினேன். ஆனா புகையில ஓடி வந்து எல்லாத்தையும் இழுத்துத் திறந்துட்டேன். அதனால நிரூபிக்க வழியில்ல."

"பார்வையாளர்களை விட்டுட்டுக் கீழே போனீங்களா?"

"ரெண்டரை மணிக்கு ஒரு அம்மாவுக்குப் படியில தலைசுத்தல். கைத்தாங்கலா இறக்கிவிட்டேன். பத்து நிமிஷம் ஆச்சு. அதோட நேரம் முடிஞ்சுதுன்னு, மேலே ஏறாம கீழே இருந்தே குரல் கொடுத்து எல்லாரையும் இறக்கி, வாசக் கதவைப் பூட்டிட்டேன்."

"மேற்குத் திரை அப்பத்தான் திறந்திருக்கு. சூரியன் இறங்க இறங்க, லென்ஸ் குவிக்கிற வெளிச்சம் மேடையில மேலே ஏறும். கோடு அப்படித்தான் வந்தது. ஒயர்ல பட்டதும் தீ."

"திறந்தது யாரு?" என்றார் மேலதிகாரி.

"அதானே! அந்தப் படுபாவி யாரு?" என்றான் மச்சான்.

துப்பறிவாளர் அவனிடம் கை நீட்டினார். "போனைக் குடு, மாப்ளே. இங்க கடல் மேற்குலதானே, மேற்குத் திரை மூடியிருந்தா லென்ஸுக்குப் பின்னாடி கடல் எப்படித் தெரியும்?"

படத்தின் கீழே நேரம் இருந்தது: இரண்டு முப்பத்தாறு.

மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ... ஒரு போட்டோவுக்காகத்தான் இழுத்தேன். மூட மறந்துட்டேன் அத்தான்."

"தீன்னு கேட்டப்பவே, காலையில நீ காட்டின படம் ஞாபகம் வந்து சந்தேகம்தான். கோட்டைப் பார்க்காம உன் மேல பழி போட மனசு வரல."

மச்சான் காவலரைப் பார்த்தான். பிறகு மேலதிகாரியிடம், "பேனா குடுங்க சார். நான்தான்னு எழுதித் தர்றேன்," என்றான்.

எழுதிய காகிதத்தை மேலதிகாரி படித்துவிட்டுக் காவலரிடம் நீட்டினார். "நீங்களும் படிச்சுப் பாருங்க. சாயங்காலம் டியூட்டிக்கு வந்துடுங்க."

காவலர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. முதலில் போய் மேற்குத் திரையை இழுத்து மூடினார், பிறகு மற்றவற்றை. அதன் பிறகே காகிதத்தை வாங்கிக்கொண்டு, படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.