ஆங்கிலத்தில் வராத இரண்டாம் பாகம்

"கொலை பண்ணது யாரு?"

துப்பறியும் கதை படிக்கிறவர்களிடம் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று தோழி அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இருந்தும் அவள் கேட்டே விட்டாள். அதுவும் முன்பின் தெரியாதவனிடம்... மழைக்கு ஒதுங்கிய பேருந்து நிறுத்தத்தில்.

அவன் நிமிர்ந்தான். மழையில் அலசி எடுத்த மாதிரி கண்கள். மடியில் பிரெஞ்சுப் புத்தகம். அட்டையில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த அதே கைத்தடி ஊன்றிய இன்ஸ்பெக்டர்.

அந்த இன்ஸ்பெக்டர் கதையின் முதல் பாகத்தை அவள் ஆங்கிலத்தில் படித்திருந்தாள். இன்ஸ்பெக்டரின் தம்பி செத்துக் கிடப்பதோடு அது நின்றுபோனது. இப்போது அவன் மடியில் இருந்த இரண்டாம் பாகம் ஆங்கிலத்தில் வரவே இல்லை. பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டாள். பிரெஞ்சுத் துப்பறியும் கதைகளை மொழிபெயர்த்தால் வாங்க ஆளில்லை என்று மரியாதையாகக் கைவிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். ஆங்கிலம் தெரிந்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்றார்கள். முட்டி மோதிக் கற்றுக்கொண்டு உள்ளே போனால்... அங்கே இன்னொரு கதவு. அதற்கும் பூட்டு.

"கடைசியை மட்டும் சொன்னா பாவம்," என்றான் அவன். "முதல்லேர்ந்து சொல்றேன். கேக்குறீங்களா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. எதிரே இருந்த காபிக் கடையின் மூலை மேசை. சனிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம். வக்கீல் அலுவலகத்தில் பிரெஞ்சுப் பத்திரங்களை மொழிபெயர்த்து, 'மூலத்தில் உள்ளபடி' என்று முத்திரை குத்துவது அவன் வேலை. அவள் அவனுக்கு முத்திரை என்றே பேர் வைத்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அவளை அவன் ஊசி என்றான். பேச்சும் அப்படித்தான் குத்துகிறது என்று விளக்கம் வேறு. சிரித்தால் அவனுக்கு ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். அதைப் பார்ப்பதில் இன்ஸ்பெக்டரைக் கோட்டைவிட்டு, மறுபடி சொல்லச் சொல்வாள்...

போன வாரம்தான் கவனித்தாள். மணிக்கணக்காகச் சொல்கிறான். பக்கம் திரும்பவே இல்லை.

இந்த வாரமும் மழை. படகுக்காரனும் அவன் தங்கையும் வரும் கட்டத்தை அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு விரித்திருந்த பக்கத்தை விரலால் தட்டினாள்.

"படகுக்காரன் இதுல எந்த வரியில வர்றான்?"

அவன் மழுப்பாமல் ஒப்புக்கொண்டான். புத்தகத்தில் படகுக்காரனே இல்லை. படகுக்காரனின் தங்கையும் இல்லை. சில வாரங்களாக வந்ததெல்லாம் முத்திரையின் சொந்தச் சரக்கு. புத்தகத்தில் மிச்சம் இருப்பது கடைசி அத்தியாயம் மட்டும்தான்.

"எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது." அவள் குரல் உயரவில்லை. "எந்தக் காகிதம் வந்தாலும் யார்கிட்டயாவது நீட்டணும். அவங்க என்ன படிச்சாங்களோ, அதான் எங்களுக்கு. அந்த நிலைமை வேணாம்னுதான் நான் படிச்சேன். நீங்க என்னை மறுபடி அங்கயே கொண்டுபோய் உக்கார வச்சுட்டீங்க."

அவன் ஆறிய காபியைத் தள்ளி வைத்தான்.

"கதை முடிஞ்சா நீங்க வரமாட்டீங்கன்னு பயம்," என்றான். "தப்புதான், ஊசி... உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இதுல ஒரு வார்த்தைகூட நான் சேர்த்தது இல்ல."

அவளுக்குக் கோபம் போய்விடவில்லை. கொலைகாரன் யாரென்று இப்போதே சொல்லிவிடுவதாக அவன் பக்கத்தைத் திருப்பப் போக, அவள் புத்தகத்தைப் பறித்து மூடினாள்.

"வாயைத் திறக்காதீங்க." புத்தகம் அவள் பைக்குள் போனது. "இன்னிக்குக் காலையிலயே பிரெஞ்சு வகுப்புல சேர்ந்துட்டேன். கடைசி அத்தியாயத்தை நானே படிப்பேன். படிச்சுட்டு, இதே மேசையில உங்களுக்கு நான் சொல்லுவேன். படகுக்காரன் இல்லாம."

"அதுக்கு ரொம்ப நாளாகுமே..."

"ஆகட்டும். பிடிக்காமலா என் சனிக்கிழமை எல்லாத்தையும் இங்க கொண்டுவந்து கொட்டினேன்? காத்திருங்க."

மழை விடட்டுமே என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. முதல் வகுப்புக்கு நேரமாகியிருந்தது. குடையைப் புத்தகப் பைக்கு மேலாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு தோள் முழுக்க நனைய, அவள் தெருவில் இறங்கி நடந்தாள்.