எந்தக் கை, டீச்சர்?

காலை மணி அடித்ததும் செம்மேடு உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் வரிசையாக நின்று, காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கணிச்சில்லைக் கழற்றி, கதவோரத் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். கோயில் வாசலில் செருப்பை விடுகிற மாதிரிதான். கடைசியாக வந்த கணித ஆசிரியை பூங்கோதை மட்டும் தன் சில்லைத் தொடவில்லை. கொண்டையைக் கொஞ்சம் இறக்கிப் போட்டு அதை மறைத்துக்கொண்டாள். பதினெட்டு வருடமாக அந்தச் சில்லு காதோடு சொல்லச் சொல்லத்தான் அவள் பலகையில் விடை எழுதுகிறாள். வெளியே சொல்லிக்கொள்கிற சங்கதியா அது?

செவ்வாயில் மனிதர்கள் குடியேறி முப்பது வருடமாகிறது. சில்லு இருக்கும்போது கணக்கு எதற்கு என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். போன வருடம் வடக்குக் குடியிருப்பு ஒன்றில் சூரியப்புயல் அடித்து ஆறு மணி நேரம் எல்லாச் சில்லும் செத்துவிட்டன. தொட்டியில் இருக்கிற உயிர்வளி எத்தனை பேருக்கு எவ்வளவு நேரம் வரும் என்று வகுத்துப் பார்க்க அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. பதினேழு உயிர் போயிற்று.

அதற்குப் பிறகுதான் ‘மேல்தரம்’ என்ற உத்தரவு வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் சில்லு இல்லாமல் காற்றுக்கணக்குப் போட வேண்டும். ஆய்வில் தேறாத பள்ளியில் பத்தாம் வகுப்பை மூடிவிடுவார்கள். பிள்ளைகள் ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கும் தலைமைக் குடியிருப்பின் விடுதிக்குப் போக வேண்டும். பெற்றவர்களைப் பார்ப்பது வருடத்துக்கு ஒரு தடவை.

தரத்தை உயர்த்த அரசாங்கம் சும்மா உத்தரவு மட்டும் போடவில்லை, பள்ளிக்கு ஒரு மதியனையும் அனுப்பியது. மதியன் ஒரு கற்பிக்கும் எந்திரன். செவ்வாய் முழுக்க ஆறாயிரம் மதியன்கள். ஒரு வகுப்பில் எந்த முறைக்கு நல்ல பலன் கிடைக்கிறதோ அது சாயங்காலம் பொது நினைவகத்துக்குப் போய்விடும். மறுநாள் ஆறாயிரமும் அப்படியே செய்யும்.

மற்ற மதியன்களைப் போலவே செம்மேட்டு மதியனும் முதல் மாதம் முழுக்கப் பிள்ளைகளைத் தண்ணீரைக் குவளை குவளையாகப் பங்கு போட வைத்தது. “ஏன் இவ்வளவு? ஏன் அவ்வளவு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தப்பாகச் சொன்னால் கோபிக்கவில்லை, “சரி, எங்க தப்பாச்சுன்னு பாப்போம்” என்றது. முதல் தேர்வில் வகுப்பின் சராசரி முப்பத்திரண்டு.

தலைமையாசிரியர் அந்தோணிசாமி பூங்கோதையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“டீச்சர், இந்தத் தகரடப்பா தண்ணி ஊத்தி வெளையாடிட்டு இருக்கு. அடுத்த திங்கக்கெழமை ஆய்வு. ஏதாச்சும் பண்ணுங்க.”

“ஒரு வாரத்துல என்ன சார் பண்றது?”

“அதெல்லாம் நான் கேக்க மாட்டேன். முப்பத்தொரு வீட்டுக்காரங்க என் வாசல்ல வந்து நிப்பாங்க. பதில் சொல்றது யாரு?”

பூங்கோதைக்கு ஒரே ஒரு வழி தெரியும். பூமியில், அவளே பத்தாம் வகுப்புப் படித்தபோது அவளுடைய கணக்கு டீச்சர் செய்த வழி. ஆய்வு நாளான திங்கட்கிழமை காலை மதியனை, “நீ பின்னாடி உக்காந்து பாரு” என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைகளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“ஆய்வாளர் கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். ஒருத்தர் பாக்கி இருக்கக் கூடாது. விடை தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. நான் யாரைக் கேக்கணுமோ அவங்களைக் கேட்டுக்கறேன்.”

வகுப்பு நமுட்டுச் சிரிப்புச் சிரித்தது. மூன்றாம் வரிசையிலிருந்த தேன்மலர் மட்டும் சிரிக்கவில்லை. மதியனிடம் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான்.

“டீச்சர், எனக்குப் பாதி தெரியும். நான் எந்தக் கை?”

ஒரு வாரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தால் மீதிப் பாதியும் வந்துவிடும். பூங்கோதைக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் வராந்தாவில் ஆய்வாளரின் காலடிச் சத்தம் கேட்டுவிட்டது.

“இடது” என்றாள்.

ஆய்வாளர் நல்ல மனிதர். நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். “நாப்பத்தஞ்சு பேர். ஆளுக்கு மணிக்கு இருபத்தஞ்சு லிட்டர் உயிர்வளி. தொட்டியில ஒன்பதாயிரம் லிட்டர் இருக்கு. எத்தனை மணி நேரம் தாங்கும்?”

முப்பத்தொரு கைகள் படாரென்று எழுந்தன. வலது கை மூன்றே மூன்று. பூங்கோதை அதில் ஒன்றைக் கூப்பிட்டாள். “எட்டு மணி நேரம் சார்!” அடுத்த கேள்விக்கு இன்னொரு வலது கை. மூன்றாவதற்கு மூன்றாவது. ஆய்வாளர் நான்காவது கேள்வி கேட்கவில்லை. “அடேயப்பா, இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததே இல்லை” என்று நூற்றுக்கு நூறு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

எல்லாரும் போன பிறகு மதியன் பணிவாக வந்து நின்றது.

“டீச்சர், ஒரு சந்தேகம். இடது கை தூக்கினவங்களுக்கு எப்பச் சொல்லிக் குடுக்கணும்?”

பூங்கோதைக்கு முகம் சுட்டது. ஒரு எந்திரத்தின் முன்னால் இப்படிக் கூசி நிற்போம் என்று அவள் நினைத்ததே இல்லை.

“அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள்.

“அப்புறம்” என்று மதியன் பதிவுசெய்துகொண்டது.

அன்று சாயங்காலம் அந்த முறை பொது நினைவகத்துக்குப் போயிற்று. குவளைகளை எல்லாப் பள்ளிகளிலும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். ஒரே மாதத்தில் செவ்வாயின் எல்லாப் பள்ளிகளும் மேல்தரத்தை எட்டின. ஒன்றுகூடப் பாக்கியில்லை. பூங்கோதைக்குப் பொன்னாடை போர்த்த செவ்வாய் ஆணையரே தலைமைக் குடியிருப்பில் விழா எடுத்தார். போகாமல் இருந்துவிடலாம் என்று அவள் வயிற்றுவலி, தலைவலி எல்லாம் சொல்லிப் பார்த்தாள். அந்தோணிசாமி விடவில்லை.

அரங்கில் பெரியவர்கள் நானூறு பேர். காற்றுப் பொறியாளர்கள், மருத்துவர்கள், துறைத் தலைவர்கள், எல்லாரும் பூமியில் பள்ளிக்கூடம் முடித்து வந்தவர்கள். சுவரோரமாகப் பத்து மதியன்கள். கடைசி வரிசையில் செம்மேட்டுப் பிள்ளைகள்.

“புயல் பருவம் தொடங்க இன்னும் பதினெட்டு நாள்தான்” என்றார் ஆணையர். “போன வருஷம் மாதிரி நாம பயப்பட வேண்டியதில்ல. பிள்ளைங்க தேறிட்டாங்க. பெரியவங்க நாம எப்படி? இன்னைக்கே சில்லு செத்துப்போனா, காற்றுக்கணக்கை மனசாலயே போடத் தெரிஞ்சவங்க எத்தனை பேரு? கை தூக்குங்க பாக்கலாம்!”

நானூறு கைகள் எழுந்தன. ஆரவாரம் கூரையைப் பிளந்தது. புகைப்படக்காரர்கள் ஓடினார்கள்.

மேடையிலிருந்து பூங்கோதை பார்த்தாள். முதல் வரிசையில் அத்தனையும் இடது கை. இரண்டாம் வரிசையிலும் அப்படியே. யாரும் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய வயதில் யாரோ ஒரு டீச்சர் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்தார். பக்கத்தில் திரும்பினாள். ஆணையர் சிரித்த முகத்தோடு தூக்கிப் பிடித்திருந்ததும் இடது கைதான். அந்த அரங்கத்திலேயே வலது கை தூக்கியிருந்தவை சுவரோரம் நின்ற பத்து எந்திரங்கள் மட்டும்.

சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தொண்டை வரை வந்தது. ‘ஐயா, இது பொய். எல்லாரும் சாகப் போகிறோம்.’ ஒலிவாங்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அப்போதுதான் கடைசி வரிசையில் தேன்மலர் தெரிந்தாள். அவள் எந்தக் கையையும் தூக்கவில்லை. தன் டீச்சரின் தோளுக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி என்ன பார்க்கிறாள் என்று பூங்கோதையும் நிமிர்ந்து பார்த்தாள்.

ஆணையர் கேட்டவுடனேயே தூக்கியிருக்க வேண்டும். அவளுடைய கையும் மேலேதான் இருந்தது. இடது கை.