ஒரே சீட்டு, இரண்டு பலகை

ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்பாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. சுண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. இதுவரை அப்பா இவ்வளவு பயந்து அவள் பார்த்ததில்லை. இருபதடி ஏணியில் நின்று கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற மனிதர். இப்போது ஒரு டாக்டர் அறைக் கதவைப் பார்த்து நடுங்குகிறார்.

காரணம் மேலே, மூன்றாவது மாடியில் படுத்திருந்தது. பெரியப்பா. அவரும் பலகை எழுதுகிறவர்தான். இப்போது கண் இரண்டும் மஞ்சள். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. ஹெபடைடிஸ் பி என்கிற வைரஸ் கல்லீரலைத் தின்றுவிட்டதாம். நேற்று சுண்டு அவர் கையைத் தொட்டாள். நினைவு குழம்பி, "யாரும்மா நீ?" என்று கேட்டார். சுண்டு கையை இழுத்துக்கொண்டாள்.

அதே வைரஸ் அப்பாவின் ரத்தத்திலும் இருக்கிறது என்று போன மாதம் சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் கண்ணாடி முன் நின்று இமையை இழுத்து இழுத்துப் பார்க்கிறார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கிறார்.

"சுண்டு, எழுந்திரு. போலாம்."

"இன்னும் கூப்பிடலையேப்பா."

"கூப்பிட்டு என்ன சொல்லப் போறாங்க? பொறக்கும்போதே எங்கம்மாகிட்டருந்து ரெண்டு பேருக்கும் வந்த நோயாம். அண்ணனுக்கு ஆனதுதான் எனக்கும். இதைக் கேக்கறதுக்கு டோக்கன் வேற."

இன்று போனால் அப்பா இனி இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார். சுண்டு அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, உள்ளேயிருந்து அப்பாவின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"உங்க அண்ணனோட வைரஸையும் உங்களோடதையும் சோதிச்சுப் பாத்தோம். ரெண்டும் இப்ப ஒண்ணு இல்ல."

"ஒரே அம்மா, டாக்டர்."

"சரி. வந்தப்ப ஒண்ணுதான். ஆனா அது உடம்புக்குள்ள தன்னைத்தானே நகல் எடுத்துக்கிட்டே இருக்கும். அவசரத்துல தப்பும் பண்ணும். உங்க அண்ணன் உடம்புல இருக்கற வைரஸோட மரபணு எழுத்து சில இடத்துல மாறிப்போச்சு. அப்படி மாறினது கல்லீரலை ரொம்ப மோசமா தாக்கலாம். உங்களோடதுல அந்த மாற்றம் இல்ல."

அப்பா சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. "யார் காதுல பூ சுத்தறீங்க? ஒரு எழுத்து மாறினா ஆளையே சாய்ச்சிடுமா?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் கை கதவுக்குப் போனது.

"அப்பா," என்றாள் சுண்டு. "காப்பகத்துப் பலகை."

அவர் கை அப்படியே நின்றது. "அதை எதுக்கு இங்க இழுக்கற?"

"என்ன பலகை?" என்றார் டாக்டரம்மா.

"குழந்தைங்க காப்பகம். ரெண்டு தெருவுல ரெண்டு இருக்கு. அதை நடத்தற மேடம், எழுத வேண்டியதை ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டுலதான் குடுத்தாங்க. 'குழந்தைகளை அன்பாகப் பார்த்துக் கொள்கிறோம்'னு. அப்பா ஒரு பலகை எழுதினாரு, பெரியப்பா ஒண்ணு. பெரியப்பா அவசரத்துல 'பார்த்துக் கொல்கிறோம்'னு எழுதிட்டாரு."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"பெரியப்பா பலகை மாட்டின அன்னைக்கு முழுக்க அங்க ஒரு பிள்ளையும் வரல," என்றாள் சுண்டு. "சீட்டு ஒண்ணுதான். மாறினதும் ஒரு எழுத்துதான். ஆனா அப்பா எழுதின பலகைக்கு ஒண்ணும் ஆகலையே."

அப்பா கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு திரும்பி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாதா?"

"அப்படி நான் சொல்லவே இல்லையே. உங்களோடதும் எழுதிக்கிட்டேதான் இருக்கு. நாளைக்கே தப்பா எழுதலாம். அதனாலதான் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்கன்னு சொல்றேன். கெடறதுக்கு முன்னாடி தெரிஞ்சா மருந்து குடுத்து அடக்கலாம். அண்ணன் வந்தப்ப ரொம்பத் தாமதம்."

"பிழைப்பாரா?"

"முடிஞ்சதைச் செய்யறோம். வாக்குக் குடுக்க மாட்டேன்."

பூசி மெழுகாத அந்தப் பதில் அப்பாவுக்கு என்னவோ பிடித்திருந்தது. சுண்டுவைக் கண்ணால் காட்டி மெல்லக் கேட்டார். "இவளுக்கு?"

"இல்ல. பொறந்தப்பவே தடுப்பூசி போட்டிருக்கு. ரத்தமும் பாத்தாச்சு."

அப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு ரத்தம் எடுக்கச் சட்டைக் கையை மடித்து நீட்டினார். ஊசியைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டது சுண்டுவுக்கு மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் தூரிகையை எடுத்தார். அடுத்து ஆஸ்பத்திரி போகவேண்டிய தேதியைக் கூடத்துச் சுவரில் சிவப்பு பெயின்ட்டில், ஒரு முழ உயரத்துக்கு எழுதினார்.

அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "காலண்டர்னு ஒண்ணு ஆணியில தொங்குதே, கண்ணுக்குத் தெரியலையா? இதை எப்படி அழிக்கறது?"

"அழிக்க முடியாதும்மா," என்றாள் சுண்டு. அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.