இறங்கும் தொட்டி

நேற்று மாலை தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கிய சங்குப்பூக் கொடி இன்று காலை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

தணிகாசலம் மேஸ்திரிக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் கைபட்டு ஒரு கீரைகூட முளைத்ததில்லை என்று பெண்டாட்டி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் எழுபத்திரண்டில் எழும்பிய புதுக் கம்பெனி. வாசலில் ஆளுயரத் தொட்டி. திறப்பு விழாவில் கொடி தரையில் புரண்டால் அசிங்கம் என்றார். மேஸ்திரி பொன்னேரிச் சந்தையில் அலசி, தன்னைப்போலவே சோம்பேறியான ஒரு மனிபிளான்ட்டைத் தேர்ந்தெடுத்து நட்டார்.

மறுநாள் அதுவும் தரையில் கிடந்தது. புதிதாக ஓர் இலைகூட விட்டிருக்கவில்லை. எக்கி நின்று தண்ணீர் ஊற்றிய தொட்டியின் விளிம்பு இப்போது அவர் நெஞ்சுக்கு வந்தது.

கொடி வளரவில்லை. தொட்டி இறங்கியிருந்தது.

அது தொட்டியே அல்ல என்பது அவருக்கு மட்டும் தெரியும். கிணற்றுக்குள் இறக்குவதற்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிமெண்ட் உறைகள். உள்ளே தோண்டிக்கொண்டிருந்த மாரியப்பன்மேல் மண் சரிந்த மத்தியானம், ஈரக் களிமண் வாடையோடு அடியிலிருந்து அவன் குரல் மேலே வந்துகொண்டேயிருந்தது. ஆளைக் கூப்பிட்டால் போலீஸ் வரும், காண்ட்ராக்ட் போகும். சாப்பாட்டு நேரம், சுற்றிலும் ஒருவருமில்லை. குரல் நிற்கும்வரை மேஸ்திரி கூடை கூடையாக மண்ணைக் கொட்டினார். பிறகு, இதில் கொடி தொங்கவிட்டால் ஜோராக இருக்கும் என்று மேனேஜரிடம் யோசனை சொன்னார். டீ வாங்கப் போயிருந்த அவன் பெண்டாட்டி குப்பாயியிடம், சூளூர்ப்பேட்டைக்கு வேறு வேலையாகப் போய்விட்டான் என்றார்.

அன்று சாயங்காலம் குப்பாயி வந்து விளிம்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"உறை தன்னால எறங்காது மேஸ்திரி. கீய ஆளு தோண்டுனாத்தான் எறங்கும்."

"மயைக்கு மண்ணு எளகி குந்திக்கினு கீது. உம் புருசன் சூளூர்ப்பேட்டைல நாஷ்டா துன்னுகினு கீறான், போய்ப் பாரு."

அவள் உறையில் காது வைத்தாள். நெடுநேரம் கேட்டாள். சிரித்தாள்.

மறுநாள் தொட்டி இல்லை. தரையோடு தரையாக ஒரு கைப்பிடி இலை. எங்கேய்யா தொட்டி என்று மேனேஜர் கேட்டபோது மேஸ்திரி மெல்ல நழுவினார். பெண்டாட்டி ஊருக்குப் போயிருந்தாள். வீட்டுக்கு ஓடிக் கதவைத் தாழிட்டு, பட்டப்பகலில் போர்வைக்குள் சுருண்டார்.

ஈரக் களிமண் வாடை.

சரக்.

மண்வெட்டி. கட்டிலுக்கு அடியில்.

சரக்.

எழுந்து கதவை இழுத்தார். வரவில்லை. ஜன்னலுக்குப் பாய்ந்தார். தெரு மண் ஜன்னல் விளிம்பில் நின்றது. அதன்மேல், அவர் கண்ணுக்கு நேராக, இரண்டு பாதங்கள்.

"யம்மா குப்பாயி, கை குடு. போலீசாண்ட நானே சொல்லிடறேன்."

அவள் குனிந்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் காலுக்குக் கீழே பார்த்தாள்.

"மெதுவா தோண்டுய்யா," என்றாள். "இன்னா அவசரம்."

கட்டிலுக்கு அடியில் சத்தம் நிதானமானது.