மெய்மறக்க உரிமம்

செவ்வாயில், செம்புரம் குடியிருப்பில், பத்துப் பேர் ஒரே பாட்டில் மெய்மறப்பதற்கு அன்றைய விலை நாற்பதாயிரம் மூச்சு. மூச்சு என்பது அங்கே புழங்கும் நாணயம். ஒரு மூச்சு கொடுத்தால் ஓர் ஆளுக்கு ஒரு நிமிடக் காற்று. நாற்பதாயிரம் என்றால் கிட்டத்தட்ட ஒரு மாத உயிர். ஒன்பது பேர் வரை மெய்மறப்பது இலவசம். பத்தாவது ஆள் கண்ணை மூடித் தலையாட்டினால் நகராட்சியின் உரிமம் வேண்டும்.

சட்டம் கிறுக்குத்தனமானது அல்ல. கண்ணாடிக் கூரையில் ஊசி நுழையும் ஓட்டை விழுந்தாலும் அபாயச் சங்கு ஊதும். அதைக் கேட்டு ஓட, ஊரில் போதுமான காதுகள் விழித்திருக்க வேண்டும். ஆகவே பிறந்த மறுநாளே ஒவ்வொருவர் காதிலும் உட்செவி என்ற சில்லு ஒன்றைப் பதித்துவிடுவார்கள். ஆளின் கவனம் எதன்மேல் இருக்கிறது என்பதை அது நகராட்சிக்குச் சொல்லும். மதுக்கூடங்களில் நேரில் வந்து அதைக் கணக்கெடுக்கும் இயந்திரத்துக்குப் பெயர் செவியர்.

தாகசாந்தி மதுக்கூடத்தின் முதலாளி வள்ளிக்கண்ணு ஆச்சி, நகராட்சிச் சாளரத்தில் பேரம் பேசிப் பார்த்தார்.

"பத்துப் பேருக்கு நாற்பதாயிரமா? எட்டுப் பேர் கணக்குல முப்பத்திரெண்டாயிரம் போட்டுக்குங்க தம்பி. மிச்சம் ரெண்டு பேரை ஊத்திக் கொடுத்து நான் தூங்க வச்சிடுறேன்."

எழுத்தர் சிரித்தார், விலையைக் குறைக்கவில்லை. உரிமம் இல்லாமல் பத்தைத் தொட்டால் கடைக்கு ஓராண்டு பூட்டு என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆச்சிக்கு இருந்த ஒரே சொத்து அந்தக் கடை. கூட்டம் குறைந்து, காற்று வாடகை மூன்று மாதமாக நின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமை ஒரு கச்சேரி வைக்காவிட்டால், பூட்டை நகராட்சி கொண்டுவர வேண்டிய அவசியமே இருக்காது.

ஆச்சி வேறு வழி கண்டார். ஒன்பது பேருக்கு மேல் ரசிக்க முடியாத ஒரு பாடகியைப் பிடித்தால் போதாதா? மட்டச் சரக்கு என்று தெரிந்தே ஆச்சி வாங்கிய ஒரே சந்தர்ப்பம் அது. வடக்குக் குடியிருப்பில் ஒரு கல்யாணத்துக்குப் பாடப் போய், மாப்பிள்ளை வீட்டாரே பாதியில் பணத்தைக் கொடுத்து அனுப்பிவைத்த பிலோமினா அகப்பட்டாள். இதைவிட நல்ல நற்சான்று ஏது?

சனிக்கிழமை அறுபத்து மூன்று டிக்கெட் விற்றது. பிலோமினா வாயைத் திறந்தாள். முதல் வரியிலேயே ஆச்சி செவியரைத் திரும்பிப் பார்த்தார். பாவி மகள் நன்றாகப் பாடினாள்!

கூடம் கப்சிப். ஒரு கோப்பை உரசவில்லை. மூலையில் செவியரின் நெற்றி விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஆச்சி மிக்சியை வெறுமனே ஓடவிட்டார். "வெங்காய பஜ்ஜி! எல்லாருக்கும் இலவசம்!" என்று கூவினார். யாரும் அசையவில்லை. ஒரு தட்டைக் கைதவறியதுபோலக் கீழே போட்டார்.

"உஷ்ஷ்! சும்மா இருங்க ஆச்சி, கெட்டுப்போயிடும்!" என்று சீறினார் முன்வரிசைக்காரர்.

ஆறு பாட்டு முடிந்தது. கைதட்டல் கூரையை அதிரவைத்தது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியேறினார். கூட்டம் கலைந்ததும் செவியர் முன்னே வந்தது. ஆச்சி முந்திக்கொண்டார்.

"பத்துன்னு போட்டுக்குங்க. ஒருத்தர்தான் கூட. அபராதத்தைத் தவணையாக் கட்டிடுறேன், பூட்டு மட்டும் வேணாம்."

"எண்ணிக்கை அதைவிடக் குறைவு."

"ஒன்பதா?"

"இன்னும் குறைவு."

எதிராளி தானாக இறங்கிவரும் பேரத்தை ஆச்சி வாழ்நாளில் பார்த்ததில்லை. "எம்புட்டுத்தான் சொல்லுங்களேன்?" என்றார் சந்தேகமாக.

"ஒருவரும் இல்லை."

வந்திருந்த அறுபத்து மூன்று பேரும், விழியில் பொருத்திய பதிவியில் பாட்டைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்களாம். வெளிச்சம் போதுமா, முன்னால் இருப்பவர் தலை மறைக்கிறதா, யார் யாருக்கு அனுப்பலாம் என்பதிலேயே அவர்கள் கவனம் இருந்ததாம். பெரியவர் துடைத்தது பதிவியின் ஆடியை. வீட்டுக்குப் போய் நிதானமாகக் கேட்கலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள்; சென்ற ஆண்டு ஊரில் எடுத்த பதிவுகளில் ஒன்றைக்கூட யாரும் திரும்பத் திறக்கவில்லை என்பதையும் செவியர் சொல்லிவைத்தது.

"கேட்பவர் இல்லாதது இசை நிகழ்ச்சி ஆகாது. உரிமம் தேவையில்லை."

ஆச்சி கும்பிட்ட கையை இறக்குவதற்குள், பின்னால் பிலோமினா நின்றாள்.

"நான் பாடினா ஊர்க்கதை பேச முடியலன்னு கல்யாணத்துல நிறுத்தினாங்க. இங்க எல்லாரும் வாயை மூடிட்டு இருந்தாங்களேன்னு எம்புட்டு சந்தோஷப்பட்டேன் தெரியுமா ஆச்சி?" செவியரிடம் திரும்பினாள். "நீயாவது கேட்டியா?"

"பிறர் கேட்கிறார்களா என்று பார்ப்பதே என் பணி. பாட்டைக் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை."

ஆச்சிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கல்லாவைப் பூட்டினார். நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குன்னு ஒண்ணு பாடு ஆத்தா. நான் கேக்குறேன்."

பிலோமினா பாடினாள். முந்தைய ஆறையும் தூக்கிச் சாப்பிட்டது அது. ஆச்சியின் கண்கள் மூடியிருந்தன, தலை ஆடியது, கடைசியில் ஒரு சொட்டுக் கண்ணீர் உண்மையாகவே கன்னத்தில் இறங்கியது. முடிந்ததும் செவியரைப் பெருமையோடு பார்த்தார்.

"போட்டுக்கய்யா, ஒண்ணு!"

"இரண்டு வரி கேட்டீர்கள்," என்றது செவியர். "மூன்றாம் வரியிலிருந்து, உரிமச் செலவே வைக்காத இந்தப் பாடகியை வாரம் இரண்டு நாள் போட்டால் வாடகைப் பாக்கி எப்போது அடையும் என்று கணக்குப் போட்டீர்கள். கண்ணீர் வந்தது, விடை கிடைத்தபோது."

விடை நல்ல விடையாகவே இருந்தது. அடுத்த புதன்கிழமைக்கு ஆச்சி அங்கேயே பேசி முடித்து, பிலோமினாவின் கையில் முன்பணத்தையும் திணித்தார்.

செவியர் அன்றைய கணக்கை மூடியது. டிக்கெட் அறுபத்து மூன்று. பதிவு அறுபத்து மூன்று. பாடியது ஏழு பாட்டு. கேட்டது இரண்டு வரி. பாடகிக்கு ஊர் பாக்கி, இரண்டு வரி குறைய ஏழு பாட்டு.